கோபுரம் எத்தனை அடி? அல்லது ஊரைப் படிப்பது எப்படி

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கோபுரம் எத்தனை அடி உயரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். 192 என்று ஒரு பக்கத்தில் இருக்கும். 194 என்று இன்னொன்றில். 196 என்று மூன்றாவதில். மூன்றையுமே அடித்துச் சொல்லியிருப்பார்கள். தெருவிலிருந்து அளந்ததா, வாசல்படியிலிருந்தா, கலசத்தைச் சேர்த்தா சேர்க்காமலா, அளந்தது யார், எந்த வருஷம்... அந்தப் பேச்சே இருக்காது.

நாலடி கூடக் குறைய இருந்தா என்ன குடி முழுகிடப் போகுது? கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது. 11 நிலையோடு அது பாட்டுக்கு நிற்கும். ஆனால் இதே பழக்கத்தில்தான் கண்மாய்க்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, ரத வீதியில் யார் நடக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டை எங்கே கொண்டு போகலாம் என்றெல்லாம் முடிவு செய்கிறோம். "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்பதுதான் அங்கேயும் ஆதாரம். கோபுரத்தில் தப்பினால் ஒரு எண் தப்பு. கண்மாயில் தப்பினால் கோடிக்கணக்கில் பணம் போகும், தண்ணீரும் போகும்.

கட்டடம், நிலம், நகரம் இந்த மூன்றையும் எப்படி ஆராய்வது என்று கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஒரு பாடமே இருக்கிறது. ஐந்து வருஷ பி.ஆர்க். படிப்பில் கடைசி வருஷம் தீசிஸ் எழுதும்போது இது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. லிண்டா க்ரோட், டேவிட் வாங் என்ற இருவர் எழுதி 2002ல் வந்த 'ஆர்க்கிடெக்சுரல் ரிசர்ச் மெதட்ஸ்' என்ற தடிப் புத்தகத்தைப் பல கல்லூரிகளில் வைத்திருக்கிறார்கள். வரலாற்று ஆய்வு, நேரில் கவனித்தல், ஒன்றோடொன்று தொடர்பு பார்த்தல், சோதனை, கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்தல், ஒரே ஒரு இடத்தை எடுத்து ஆழமாகத் தோண்டுதல் என்று வகை வகையாகப் போகும்.

என் கட்சி என்னவென்றால், இதை மாணவர்கள் மட்டும் படித்தால் பத்தாது. ஊரில் குடியிருக்கிற நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, பொட்டி தட்டுகிற கூட்டம்தான். உனக்கெதுக்குய்யா இந்த வேலை என்று கேட்பவர்களுக்குக் கடைசியில் பதில் வைத்திருக்கிறேன். முதலில் ஊருக்குள் போய்விடலாம்.

1. கட்டடம்: கோபுரத்தை அளப்பது

ஒரு சின்னத் திருத்தம். 'ஆண்டாள் கோபுரம்' என்று நாம் சொல்கிற அந்த உயரமான கோபுரம் நிற்பது வடபத்ரசாயி கோவில் வாசலில். நாச்சியார் சன்னதி பக்கத்தில் தனிக் கோவில். நடுவில் ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம். 'அந்தக் கோவில்' என்று ஒருமையில் பேச ஆரம்பித்தாலே அளக்க வேண்டிய பொருள் எது என்பதில் குழப்பம் வந்துவிடும். எதை ஆராய்கிறோம் என்று பேர் சொல்லிக் குறிப்பதுதான் முதல் வேலை.

இப்போது உயரம். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போதும். கோபுர உச்சி 45 டிகிரி கோணத்தில் தெரிகிற இடம் வரைக்கும் பின்னால் நடந்து போங்கள். அங்கேயிருந்து கோபுரத்துக்கு உள்ள தூரத்தோடு உங்கள் கண் மட்டத்தைக் கூட்டினால் உயரம். அவ்வளவுதானா? இல்லை. கோபுரம் மேலே போகப் போக உள்ளே சாய்ந்துகொண்டே போகிறது. கலசம் இருப்பது முகப்புச் சுவருக்கு நேர் மேலே கிடையாது, நன்றாக உள்ளே தள்ளி. முகப்பு வரைக்கும் டேப் பிடித்தால் கணக்கு தப்பு. நல்ல வேளையாக கோபுரத்துக்கு அடியிலேயே வாசல் வழி போகிறது. அந்த வழியின் நடுப்பகுதி வரைக்கும் அளந்தால் கலசத்துக்கு நேர் கீழே வந்துவிடுவோம்.

கோணத்தை எதால் அளக்கப் போகிறீர்கள்? செல்போன் ஆப்பாலா? ஒரு டிகிரி பிசகுவது அதில் சர்வ சாதாரணம். 45 டிகிரியில், 190 அடி தூரத்தில், ஒரு டிகிரி பிசகினால் உயரத்தில் ஆறரை அடிக்கு மேல் பிசகும். நம் சண்டையோ 192க்கும் 196க்கும் நடுவில், நாலே அடி! சண்டையைவிட கருவியின் பிழை பெரிசு. ஆக போனை வைத்து அளந்துவிட்டு "196 தான் சரி, நானே அளந்தேன்" என்று ஒருவர் வந்தால், அவர் உழைப்பை மதிக்கலாம், முடிவை ஏற்க முடியாது. சர்வேயர்கள் வைத்திருக்கும் டோட்டல் ஸ்டேஷன் வேண்டும்.

இது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். அளந்தேன் என்பதால் மட்டும் ஒரு எண் உண்மையாகிவிடாது. எவ்வளவு தப்பு வரலாம் என்றும் கூடவே சொன்னால்தான் அது அளவு.

2. அதே கோபுரம், வேறு கேள்வி

அடுத்தது நம் ஊர்க்காரர்கள் கைகலப்பு வரைக்கும் போகக்கூடிய விஷயம். தமிழக அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வந்திருக்கிறோம். முத்திரை உருவானது 1949ல். அந்த வருஷம் ஏப்ரலில் சென்னை மாகாணத்துக்கு முதல்வர் ஆனவர் பி.எஸ். குமாரசாமி ராஜா, பக்கத்து ராஜபாளையத்துக்காரர். அப்புறம் என்ன, பொருந்திப் போச்சே! ஆனால் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோவில் மேற்குக் கோபுரத்தை வைத்து வரைந்ததாக அவரே சொன்னதாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது. அதுவும் பொருந்திப் போச்சே!

நம் ஆட்கள் இந்த இடத்தில் உடனே இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து நிலைகளை எண்ண ஆரம்பிப்பார்கள். மதுரை மேற்குக் கோபுரம் 9 நிலை, நம்முடையது 11. மதுரையில் கண் வைக்கிற இடமெல்லாம் சுதைச் சிற்பம், இங்கே சிற்பம் ரொம்பக் குறைவு, மாடக்குழிகளும் தூண் வரிகளுமாக வெறும் கட்டட அழகு. நல்ல வேறுபாடுகள்தான். ஆனால் ஒரு வட்டத்துக்குள், ரப்பர் ஸ்டாம்பில் குத்தினாலும் தெரிகிற மாதிரி வரைய வேண்டிய ஓவியர், நிலையையும் சிற்பத்தையும் குறைக்கத்தான் செய்வார். முத்திரையில் சிற்பம் இல்லை என்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாட்சி ஆகாது. முத்திரையின் அளவுக்குத்தான் சாட்சி.

என் கருத்து, இங்கே இருப்பது இரண்டு கேள்விகள். வரைந்தவர் கண் முன்னால் எந்தக் கோபுரம் இருந்தது என்பது ஒன்று. அதற்கு ஓவியரின் வாக்குமூலமும் அவருடைய முதல் வரைவுகளும் ஆதாரம். அரசு எந்தக் கோபுரம் என்று நினைத்து ஏற்றுக்கொண்டது என்பது இன்னொன்று. அதற்கு ஆதாரம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டிய அந்தக் காலத்துக் கோப்புகள். இரண்டுக்கும் வேறு வேறு பதில் வரலாம், இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். முதல்வர் எந்த ஊர் என்பது இரண்டாவது கேள்விக்கு ஒரு துப்பு மட்டும்தான், ஆதாரம் இல்லை. முதல் கேள்விக்கோ துப்புகூடக் கிடையாது. கேள்வியைப் பிரிக்காமல் சண்டை போட்டால் இன்னும் 70 வருஷம் போடலாம் :-)

3. நிலம்: கண்மாய் ஏன் நிரம்பவில்லை?

விளையாட்டு போதும், வயிற்றுப் பிழைப்புக்கு வருவோம்.

நம் பக்கத்து நிலம் மேற்கே மலை, கிழக்கே சரிவு. செண்பகத்தோப்புப் பக்கமிருந்து ஓடைகள் இறங்கும். ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் ஆறு. மொத்தமும் வைப்பாற்று வடிநிலம். மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி, கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். கண்மாய் என்பது தனித்தனிக் குட்டை கிடையாது, சங்கிலி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருஷம் அது நிரம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் இரண்டு கட்சி இருக்கும். "மழையே இல்லப்பா" என்று ஒன்று. "வரத்துக் கால்வாயை அடைச்சுப்புட்டாங்கெ" என்று இன்னொன்று. இரண்டுமே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எது சரி?

ஆராய்ச்சி முறை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதன் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் கட்சி சொல்வது சரியென்றால் வேறு என்னென்ன நடந்திருக்க வேண்டும்? அதே மலைச்சரிவிலிருந்து தண்ணீர் வாங்கும் பக்கத்துக் கண்மாய்களும் அந்த வருஷம் காய்ந்திருக்க வேண்டும். மழைமானிப் பதிவிலும் குறைவு தெரிய வேண்டும். இரண்டாவது கட்சி சரியென்றால்? பக்கத்தில் எல்லாம் நிரம்பி இது மட்டும் காய்ந்திருக்க வேண்டும். மழை நாளில் கால்வாயோடு நடந்து போனால் தண்ணீர் எங்கேயோ ஒரு இடத்தில் நின்று பக்கத்துக் காட்டுக்குள் பரவுவது தெரிய வேண்டும். இரண்டும் பாதிப் பாதி என்றால் அதற்கும் தனி அடையாளம் இருக்கும். இதையெல்லாம் பார்க்க டாக்டர் பட்டம் வேண்டாம். நாலைந்து கண்மாய்களைச் சுற்ற ஒரு டிவிஎஸ் 50 போதும்.

மென்பொருள் மக்கள் உடனே "சாட்டிலைட் படம் இருக்கே தலைவா" என்பார்கள். இருக்கிறது. லேண்ட்சாட் படங்கள் 1972லிருந்து உண்டு, 2008லிருந்து இலவசம். பொக்கிஷம்தான். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். 2015ல் வந்த சென்டினல்-2ல் 10 மீட்டர். நம் வரத்துக் கால்வாய் அகலம் மூன்று மீட்டர் இருந்தால் எங்கே தெரியும்? அதைவிடப் பெரிய கூத்து, நம் கண்மாய் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில். அப்போது வானம் பூரா மேகம். கண்மாய் நிரம்புகிற நாளில்தான் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் படிப்பில் சேர்த்தி.

அதனால் வேறு ஆதாரங்களையும் சேர்க்க வேண்டும். வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு. இதில் பல விவரங்களை இப்போது அரசு இணையதளத்திலேயே புல எண் போட்டுப் பார்க்கலாம். ஓடைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும் எண்ணில் தரையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம். அப்புறம் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிப் பெரியவர்கள். எந்தக் கல்லில் தண்ணீர் தொட்டால் எந்த மடை வரைக்கும் பாயும் என்று அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாமல் கல்லைக் காட்டச் சொல்லி மட்டம் பார்க்க வேண்டும். பெரியவர் சொல், பதிவேடு, தரை மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாகப் பேசலாம். ஒத்துப்போகாத இடம்தான் ஆராய்ச்சிக்குத் தங்கம்.

இயான் மெக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் 1969ல் 'டிசைன் வித் நேச்சர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மண் ஒரு தாளில், நீரோட்டம் ஒரு தாளில், காடு ஒரு தாளில், சரிவு ஒரு தாளில் என்று கண்ணாடித்தாளில் தனித்தனியாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எங்கே கட்டலாம் எங்கே கை வைக்கவே கூடாது என்று தானாகத் தெரியும் என்று காட்டினார். இன்றைக்கு ஜி.ஐ.எஸ். மென்பொருளில் லேயர் லேயராகத் தட்டுகிறோமே, அந்த எண்ணம் பரவ அந்தப் புத்தகம் பெரிய காரணம்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்றால், தண்ணீர் ஒன்று, அலுவலகம் நாலு. மலையில் விழும்போது அது வனத்துறை எல்லை. 1988லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இறங்கி வரும் ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில். பெரிய கண்மாய் நீர்வளத் துறையில். ஊருக்குள் வந்தால் நகராட்சி. ஒவ்வொருவரும் தன் தாளை மட்டும் பார்க்கிறார்கள். நாலு தாளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யார்? 2017ல் குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது நல்ல காரியம் என்று எல்லாரும்தான் வரவேற்றோம். ஆனால் வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும் கண்மாயில் எத்தனை லோடு மண் அள்ளினாலும், பெரிய காலிப் பாத்திரம் ஒன்று செய்து வைத்தது போலத்தான். மண் அள்ளுவதற்கு முன் கால்வாயோடு ஒருவர் நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

4. எம்டன் மூழ்கடித்த நகரத் திட்டம்

"முதல்ல படி, அப்புறம் கை வை" என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்ல ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். பேட்ரிக் கெடஸ். ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் உயிரியல் படித்தவர். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து 1914ல் இந்தியாவுக்கு வந்தார். உலக நகரங்களைப் பற்றி ஆயுசு பூரா சேர்த்து வைத்த படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் கண்காட்சி வைக்க 'கிளான் கிரான்ட்' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்தக் கப்பலை அக்டோபரில் மூழ்கடித்தது யார் தெரியுமா? நம்ம எம்டன்! அதற்கு முந்தின மாசம், 1914 செப்டம்பர் 22ல் சென்னை மேல் குண்டு போட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்.

மனுஷன் அசரவில்லை. நண்பர்களை வைத்துத் திரும்பச் சேகரித்து 1915ல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். அப்புறம் மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். அதில் மதுரையும் தஞ்சாவூரும் உண்டு. அவர் காலத்து இன்ஜினியர்கள் நெரிசலான தெருவைக் கண்டால் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டு இடித்துவிடுவார்கள். கெடஸ் அந்தத் தெருக்களில் நடந்தார். எந்த வீடு பாழடைந்து கிடக்கிறது, எந்த மரத்தடியில் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று பார்த்தார். இடிந்த வீட்டை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு திறந்தவெளி விட்டாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும் என்று காட்டினார். அதிகம் வெட்டாமல் செய்கிற அறுவைச் சிகிச்சை என்று அந்த முறைக்கே ஒரு பேர் வைத்தார். வைத்தியர் நாடி பார்த்த பிறகுதான் மருந்து எழுதுவார், ஊருக்கு மட்டும் ஏன் மருந்தை முதலில் எழுதுகிறீர்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவாரசியம். கொள்ளை நோய்க் காலம். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் வராது, எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் வரும் என்று அறிவித்தார். ஊரே விளக்குமாற்றைத் தூக்கியது. சாமி வருகிற பாதைக்கு நம் மக்கள் மனதில் என்ன இடம் என்பதைக் கவனித்துத் தெரிந்துகொண்ட ஆளால்தான் அப்படிச் செய்ய முடியும்.

5. நகரம்: ரத வீதியில் எண்ணுவது

சாமி வருகிற பாதை என்றதும் நம் ரத வீதிகளுக்கு வந்துவிடலாம்.

வில்லியம் வைட் என்பவர் 1970களில் நியூயார்க்கில் பொது இடங்களை மேலேயிருந்து கேமரா வைத்துப் படம் பிடித்து, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று எண்ணினார். 1980ல் புத்தகமாக வந்தது. மாபெரும் கண்டுபிடிப்பு என்ன? உட்கார இடம் இருக்கிற இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள்! சிரிக்காதீர்கள். அதை எண்ணிக் காட்டிய பிறகுதான் 1975ல் அந்த நகரமே கட்டட விதிகளை மாற்றியது. 'எல்லாருக்கும் தெரியும்' என்பதற்கும் 'எண்ணிப் பார்த்தோம்' என்பதற்கும் அதுதான் வித்தியாசம்.

நம் ரத வீதியில் எண்ணலாமா? ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நின்று எண்ணினால், "வீதி அகலமாத்தான் கிடக்கு, ஒரு ஓரம் பார்க்கிங் விடலாம்" என்று தோன்றும். அதே வீதியை ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று பாருங்கள். புரட்டாசி சனிக்கிழமை, பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளுக்கு வந்த கூட்டம் அப்படியே ஆண்டாளையும் சேவிக்க வரும்போது பாருங்கள். மார்கழி விடியற்காலையில் பாருங்கள். அந்த வீதியின் அகலம் ஒரு தேருக்காக விடப்பட்ட அகலம். என்றைக்கு நின்று எண்ணினோம் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல். வீதியில் நின்று எண்ணினால் வந்தவர்களைத்தான் எண்ண முடியும். வராதவர்களை? கழிப்பறை இல்லை என்பதால் பஜாருக்கு வருவதைத் தள்ளிப்போடுகிற பெண்கள் உங்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர் பகல் கணக்கில் இல்லை. அவர்களை வீட்டில் போய்த்தான் கேட்க வேண்டும்.

கெவின் லிஞ்ச் 1960ல் எழுதிய புத்தகத்தில் வேறொரு வழி இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்க ஊரை நினைவிலிருந்து வரைங்க" என்று கேட்டார். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் மூன்று ஊர்களில். பாதைகள், எல்லைகள், பகுதிகள், சந்திப்புகள், அடையாளங்கள் என்று ஐந்தைக் கொண்டுதான் மக்கள் ஊரை மனதில் வைத்திருக்கிறார்கள் என்றார். ஆனால் அவர் கேட்டது மொத்தம் 60 பேரைத்தான், அவர்களும் பெரும்பாலும் நடுத்தர வர்க்கம். அது ஒரு குறை என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

நம் ஊரில் இதைச் செய்தால் கோபுரம் எல்லார் தாளிலும் வரும் என்று பந்தயம் கட்டலாம். ஆனால் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன், எட்டாவது படிக்கும் பொண்ணு, பால்கோவா கடையில் கிண்டுகிறவர், ஊரின் ஓரத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த பாட்டி, இந்த நாலு பேர் தாளும் ஒன்றாக இருக்காது. மதுரைக் கோவில் வாசலே எல்லாருக்கும் திறந்தது 1939 ஜூலை 8ல்தான். எந்தத் தெருவில் யார் காலாற நடக்கலாம் என்பதற்கு நம் ஊர்களில் நீண்ட வரலாறு உண்டு. ஒரே ஒரு ஆளின் வரைபடத்தை 'ஊர் வரைபடம்' என்று எடுத்துக்கொண்டால் யாரோ ஒருவரின் ஊரை மொத்தமாக அழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

6. இதெல்லாம் உனக்கெதுக்கு?

பதில் வைத்திருக்கிறேன் என்றேனே. மென்பொருள்காரர்கள் வாய் ஓயாமல் பேசும் 'டிசைன் பேட்டர்ன்' கட்டடக்கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக்கலைஞர் 1977ல் 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' வெளியிட்டார். அதைப் படித்த மென்பொருள் ஆட்கள் எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள், 1994ல் நம்ம பைபிளான 'டிசைன் பேட்டர்ன்ஸ்' வந்தது. இப்படிப்பட்ட பேட்டர்ன்களைச் சேர்த்து வைக்கத்தான் 1995ல் வார்டு கன்னிங்ஹாம் உலகின் முதல் விக்கியை உருவாக்கினார். விக்கிப்பீடியாவுக்கே கொள்ளுத்தாத்தா ஒரு கட்டடக்கலைப் புத்தகம் என்று சொல்லலாம்.

அந்த அலெக்சாண்டர் தன் முறையை முதலில் முயன்றது குஜராத்தில் ஒரு சின்னக் கிராமத்தை வைத்து. போய்த் தங்கிப் பார்த்து, அந்தக் கிராமத்துக்கு என்னென்ன தேவை என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார், 1964ல் வந்த அவர் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. நாம் பேட்டர்னை மட்டும் எடுத்துக்கொண்டு, போய்த் தங்கிப் பார்த்ததை விட்டுவிட்டோம். பயன்படுத்தப் போகிறவனைக் கண்ணால் பார்க்காமலேயே ரெக்வயர்மென்ட் எழுதுகிற ப்ராஜெக்ட் என்ன கதி ஆகும் என்று நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? சாப்ட்வேர் என்றால் அடுத்த மாசம் பேட்ச் விடலாம். கண்மாய்க்குள் கட்டிய கான்கிரீட் சுவருக்குப் பேட்ச் கிடையாது.

"அதிகாரிங்களுக்கு ஏது நேரம், இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை" என்று ஒரு வாதம் வரும். மேலே சொன்னதில் எதற்குப் பணம் வேண்டும் சொல்லுங்கள். டேப், பென்சில், தாள், நாலு ஞாயிற்றுக்கிழமை. "சர்வே எடுத்தும் ஏமாத்தலாமே" என்பது இன்னொரு வாதம். இது நியாயமானது. தெரிந்த பத்து பேரிடம் கையெழுத்து வாங்கி 'மக்கள் கருத்து' என்று ஒட்டுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதனால்தான் முறை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். திருடனுக்குப் பூட்டைப் பற்றித் தெரியும் என்றால் வீட்டுக்காரனுக்கும் தெரிய வேண்டாமா?

உங்கள் ஊரில் குளத்தைச் சுற்றி நடைபாதை, வீதி விரிவாக்கம், பஸ் ஸ்டாண்ட் இடமாற்றம் என்று அடுத்து ஏதாவது வரும்போது நாலே கேள்வி கேளுங்கள். யார் எண்ணினார்கள்? எந்த நாள், எந்த நேரம்? எவ்வளவு தப்பு வரலாம்? யாரை விட்டுவிட்டார்கள்? திட்ட அறிக்கையைக் காட்ட மாட்டேன் என்றால் 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க் கட்டணம். அறிக்கை கைக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு அந்த வீதியிலேயே போய் நின்று படியுங்கள்.

வலைப்பதிவு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சினிமா விமர்சனத்துக்கு நடுவில் ஒரே ஒரு பதிவு, உங்கள் ஊரின் ஒரு தெருவையோ ஒரு ஊருணியையோ பற்றி எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று தவறாமல் குறிப்பிடுங்கள். முப்பது வருஷம் கழித்து யாராவது தேடும்போது 192ஆ 196ஆ என்று அல்லாடாமல் இருப்பார்கள்.

பி.கு: "பால்கோவா பத்தி ஒரு வார்த்தை இல்லாம வில்லிபுத்தூர் பதிவா?" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். 2019ல் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. எந்தக் கடை பால்கோவா அசல் என்ற ஆராய்ச்சிக்கு மட்டும் சாம்பிள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்குச் சம்மதம் :-)